கடல் தாண்டிய குழாய்கள்

"வை! தள்ளிப் போ! ஸ்ப்ரே அடி! துடை! இப்ப எடு!" என்று கெலுகோர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஜெகதீஸ்வரி கத்திக்கொண்டிருக்கிறார். எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தவிர ஈ காக்கை இல்லை. கைப்பேசி மதில்மேல் சாய்ந்திருக்கிறது. அதற்குள் எட்டுப் பேர் அவரவர் வீட்டில் ஆளுக்கொரு ஸ்டூலும் முழநீளத் தொடர் ஓட்டக் குழாயுமாகப் பயிற்சி எடுக்கிறார்கள். மேல்மாடிச் சீன அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போகிறார்.

ஜெகதீஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்கலைக்கழக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மின்தூக்கி பழுதானால், சரியாகும்வரை கீழ்வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் தீவிலிருக்கும் கெலுகோரிலிருந்து கடலுக்கு அக்கரையிலிருக்கும் புக்கிட் மெர்தாஜாம் வரை ஓட்டப்பந்தயத்தைப் பதினாறு வருடம் விடாமல் நடத்தியவர் இவர்தான். எல்லோரும் கூட்டமாக ஓடி, கூட்டமாக ஃபெரிப் படகு ஏறி, அக்கரையில் மறுபடி ஓடுவார்கள். பதினேழாவது வருடம் கொரோனா வந்து உட்கார்ந்துகொண்டது. தனியாக ஓடலாம், கூட்டம் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டவே கூடாது.

"இந்த வருசம் விட்ருங்கக்கா. அவங்கவங்க ஏரியாவுல ஓடி வாட்சப்புல டைம் அனுப்பட்டும் லா," என்றார் வருடம் தவறாமல் ஓடும் புக்கிட் மெர்தாஜாம் தங்கராஜு.

"வேற கிளப்புல அப்படித்தான் ஒரு ஆளு மோட்டார்ல போயி டைம் அனுப்புனாரு. அதுக்குப் பேரு ஓட்டமா? நம்ம ஓட்டம் கடல் தாண்டணும். இல்லன்னா பதினாறோட முடிஞ்சு போச்சு!"

ஆள்தானே தாண்டக் கூடாது, குழாய் தாண்டலாமே! அந்த யோசனை வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு, பச்சை என்று இரண்டு அணி; அணிக்கு நாலு பேர், தீவில் இருவர், அக்கரையில் இருவர். தன் எல்லைவரை ஓடி, ஸ்டூலில் குழாயை வைத்துவிட்டு விலக வேண்டும். அடுத்தவர் மருந்தடித்துத் துடைத்து எடுத்து ஓடுவார். கடலுக்கு மட்டும் சல்மா. தீவில் ஜார்ஜ்டவுனில் குடியிருந்து அக்கரைப் பட்டர்வொர்த்தில் மருத்துவமனைத் தாதி வேலைக்குப் போகிறவர். போலிஸ் அனுமதிக் கடிதம் கைவசம் இருந்தது.

"ஏழரை ஃபெரிய விட்டா என் டூட்டி போச்சுக்கா. யாருக்காகவும் நிக்க மாட்டேன்," என்று சல்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

பந்தய நாள். படகுத்துறைக்குப் பச்சை ஏழு இருபத்து நாலுக்கே வந்துவிட்டது. சிவப்பைக் காணோம். ஜெகதீஸ்வரி சாலையையே எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு குழாய் மட்டும் போய்ச் சேர்ந்தால் அது பந்தயமா, பார்சலா? ஏழு இருபத்தெட்டுக்குச் சிவப்பு அணிக் கோகுலன் தெரிந்தார். ஒரு காலில்தான் சப்பாத்து. மற்றது வழியில் பிய்ந்துவிட்டதாம்.

"கையிலயே குடுத்துர்றேன்க்கா!" என்று சல்மாவிடம் குழாயை நீட்டினார். கடிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த போலிஸ்காரர் நிமிர்ந்தார்.

"ஸ்டூல்ல வைடா!"

ஜெகதீஸ்வரி போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. வைத்தார். விலகினார். சல்மா மருந்தடித்தார், துடைத்தார், எடுத்தார், விழுந்தடித்து ஓடினார். "பச்சை நாலு நிமிசம் முன்னால! அங்கயும் அதே கணக்குல குடு!" என்று ஜெகதீஸ்வரி பின்னாலிருந்து கத்தினார். கதவு சாத்துவதற்குள் சல்மாவின் கால் உள்ளே இருந்தது. அப்பாடா!

பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் படகுத்துறையை விட்டு நகரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கைப்பேசி ஒலித்ததும் பாய்ந்து எடுத்தார்.

"அக்கா! வந்துருச்சு! ரெண்டும் வந்துருச்சு!" தங்கராஜுவுக்கு மூச்சு வாங்கியது.

"யாரு முதல்ல?"

"அட, நாந்தான்க்கா! சிவப்பு! ஒம்பது செகண்டு!"

'விட்ருங்கக்கா' என்ற அதே வாய்! ஜெகதீஸ்வரி சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

போலிஸ்காரர் பக்கத்தில் வந்து, யார் ஜெயித்தது என்று மலாயில் கேட்டார்.

ஜெகதீஸ்வரி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். பட்டர்வொர்த் பக்கம் திரும்பி, இரண்டு விரலை வாயில் வைத்து, அக்கரைக்கே கேட்கிற மாதிரி ஒரு விசில் அடித்தார்.