மஞ்சள் நாடாவும் என் வலது கையும்

காலை ஐந்தரை மணிக்கு நான் செய்கிற முதல் வேலை, நாயின் கயிற்றில் மஞ்சள் நாடாவைக் கட்டுவது. இரண்டாவது, அவன் வாய்க்குக் கம்பிக்கூடை மாட்டுவது. மூன்றாவது, கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, வெளியே போய்த்தான் ஆக வேண்டுமா என்று யோசிப்பது. இந்த மூன்றாவதுக்குத்தான் நேரம் பிடிக்கிறது. ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில் கயிற்றில் மஞ்சள் நாடா இருந்தால், ‘இந்த நாய்க்கு மற்ற நாய்கள் ஆகாது, தள்ளிப் போங்கள்’ என்று பொருள். எதிரே நாயோடு வருகிறவர் அதைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இங்கே திருவண்ணாமலையில், வேங்கிக்காலில் என் அண்ணன் வீட்டுத் தெருவில், அதே நாடாவைப் பார்த்ததும் ஆட்கள் கிட்டே வருகிறார்கள்.

பால் ஊற்றும் செல்வி அக்கா முதல் நாளே வண்டியை நிறுத்திவிட்டார்.

“என்னாம்மா, நாய்க்கு மஞ்சத்துணி கட்டியிருக்கீங்க? எந்தக் கோயிலுக்கு வேண்டுதலு?”

“வேண்டுதல் இல்லக்கா. கிட்ட வராதீங்கன்னு அர்த்தம்.”

“வேண்டிக்கினத வெளிய சொல்லக் கூடாது, அதானே? சொல்லாதீங்க, சொல்லாதீங்க” என்றவர், சோமுவைப் பார்த்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். சோமு என்பது நாயின் பெயர். ஜெர்மன்காரர்கள் ‘ஸோமு’ என்பார்கள்.

சோமு இதே தெருவில் பிறந்தவன். நான்கு வருடங்களுக்கு முன்பு விடுமுறைக்கு வந்தபோது, எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் கிடந்தான். நாய் என்றாலே நடுங்குகிறவள் நான். ஒன்பதாம் வகுப்பில், கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு கறுப்பு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. போட்ட ஊசிகளைவிட, ஊசிக்கு வரிசையில் நின்றபோது பக்கத்திலிருந்தவர்கள் வெறிநாய்க் கதைகளாகச் சொன்னதுதான் இன்றுவரை என் வயிற்றில் கிடக்கிறது. அதற்குப் பிறகு நாய் எதிரே வந்தால் என் உடம்பு ஒன்றே ஒன்றுதான் செய்யும். குனிந்து, வலது கையைத் தரைக்குக் கொண்டுபோகும். கல் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. குனிந்தாலே நம் ஊர் நாய் ஓடிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நம்மில் யாருக்குத்தான் சொல்லித்தந்தார்கள்?

அப்படிப்பட்டவள் ஏன் நாயைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்குப் புரியும். அங்கே முன்பின் தெரியாதவர் நின்று பேசுவது நாய் வைத்திருப்பவரிடம் மட்டும்தான். கணவர் காலையில் வேலைக்குப் போனால் மாலைவரை என் குரலை நானே கேட்டதில்லை. யாராவது என்னிடம் ‘இவன் பெயர் என்ன’ என்று கேட்க மாட்டார்களா என்ற ஏக்கம். குட்டியைக் கண்டு நாய்பயம் வரவில்லை, எனக்கோ மனிதப்பசி. தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு எல்லாம் அண்ணன் வீட்டு மாடியில் முடிந்து, சோமு விமானம் ஏறினான்.

நினைத்தபடி பேசினார்கள். பக்கத்து வீட்டு இங்க்ரிட் அம்மா, ஏழு வருடம் ‘ஹலோ’ மட்டும் சொன்னவர், சோமு வந்த இரண்டாம் நாள் கேக் கொண்டுவந்தார். ஆனால் ஒரு வயது தாண்டியதும் சோமு மாறினான். அங்கே நாங்கள் நடக்கும் ஆற்றோரப் பாதை ஆள் அகலம்தான். அதில் நாய்கள் நேருக்கு நேர், கண்ணுக்குக் கண் பார்த்தபடி வரும். வேங்கிக்கால் தெருவில் எந்த நாயும் இன்னொரு நாயிடம் அப்படிப் போவதில்லை. வளைந்து போகும், தரையை முகரும், மெதுவாகப் பின்பக்கம் வந்து விசாரித்துவிட்டு நகர்ந்துவிடும். கயிற்றில் கட்டிய நாய் எங்கே வளைவது? சோமுவின் முதுகு மயிர் சிலிர்க்கும், வாய் இறுக மூடும், வால் விறைக்கும். பிறகு உறுமுவான். எனக்கு மானம் போய்விடும். அமைதியான ஊரில் நம் நாய் மட்டும் சத்தம் போடலாமா? “ச்சீ, உறுமாத!” என்று ஒவ்வொரு முறையும் அதட்டினேன். நல்ல பிள்ளை, உறுமுவதை விட்டுவிட்டான். நானும் பெருமைப்பட்டேன், பாவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்க்ரிட் அம்மாவின் சின்ன வெள்ளை நாய் அவனை நோக்கி ஓடிவந்தது. ஒரு உறுமல் இல்லை, ஒரு அறிகுறி இல்லை. நான் கண் சிமிட்டுவதற்குள் அதன் காது கிழிந்திருந்தது. இங்க்ரிட் அம்மா அலறவில்லை. நாயை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு கேக் வரவில்லை, கடிதம் வந்தது. நகர அலுவலகத்தின் கடிதம். இனி எப்போதும் கயிறு, எப்போதும் ‘மவுல்கோர்ப்’, அதாவது வாய்க்கூடை. ஆறு மாதத்துக்குள் ‘வேஸன்ஸ்டெஸ்ட்’ என்கிற குணப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் நாய் என்னிடம் இருக்க முடியாது.

சபீனே என்ற பயிற்சியாளரிடம் போனோம். கெட்டிக்காரப் பெண்மணி. வாய்க்கூடைக்குள் ஈரல் பசையைத் தடவி, அவனே மூக்கை நுழைக்கும்படி செய்தார். “இவன் ரௌடி இல்லை. பயந்தவன். நீ போ என்று எதிராளியிடம் கத்துகிறான். உறுமல் அவனுடைய எச்சரிக்கை மணி, அதைக் கழற்றியவள் நீ” என்றார். இன்னொரு நாயைப் பார்த்தும் அவனால் தின்ன முடிகிற தூரம் எதுவோ, அங்கே நிற்க வேண்டும். பார்த்தால் தீனி. கயிறு தளர்வாக. நேரே போகாமல் வளைந்து போக வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனாலும் சில நாள் அவன் பாய்ந்தான். ஏனென்று சபீனேவுக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கேட்டார்:

“நாய் வரும்போதெல்லாம் குனிகிறாயே, கீழே என்ன தேடுகிறாய்?”

கல் தேடுகிறேன் என்று நாய்ப் பயிற்சியாளரிடம் சொல்ல முடியுமா? “ஷூ லேஸ்” என்றேன்.

அவர் நம்பிவிட்டார். அடுத்த வாரம் லேஸ் இல்லாத ஷூ வாங்கச் சொன்னார். வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டும் குனிந்தேன். ஆறு மாதத்தில் நாலரை மாதம் போய்விட்டது. ராத்தூக்கம் போயிற்று. கடைசியில் எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்: எங்கள் ஊர் நாய், எங்கள் ஊரிலேயே இருந்துவிடட்டும். கணவர் எவ்வளவோ சொன்னார், “பரீட்சைக்குப் பயந்து பிள்ளைய ஹாஸ்டல்ல விடற மாதிரி இருக்கு வசந்தி” என்று. கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் அவனோடு புறப்பட்டேன்.

வந்த மறுநாள் காலை. அவன் பிறந்த தெருதானே, அடையாளம் தெரியாதா என்று நம்பினேன். எத்தனை மடத்தனம்! எனக்கே பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. தெருமுனையிலிருந்து நான்கு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. முன்னால் ஒரு செவலைப் பெட்டை. குனிந்தேன். நான்கும் சிதறின. அந்த நொடியில் சோமு செவலையை நோக்கிப் பாய்ந்தான். நான் முட்டி தேய விழுந்தேன், கயிறு நழுவியது. அவன் வாயில் கூடை. அவனால் கடிக்க முடியாது, அவற்றால் முடியும். ஓடின நான்கும் திரும்பி வந்தன. அவன் அலறிய குரல் இருக்கிறதே, அப்படி ஒரு குரலை அவனிடமிருந்து நான் கேட்டதில்லை. கஸ்தூரி அண்ணி வாளித் தண்ணீரோடு ஓடிவந்து ஊற்றித்தான் பிரித்தார். அவன் தொடையில் ஏழு தையல். தடுப்பூசி போட்ட நாய்தான், மருத்துவர் மேலும் போட்டார். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் கேட்ட கதைகள் அத்தனையும் அன்றிரவு வந்து என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தன. அவன் தண்ணீர் குடிக்கிறானா, குடிக்கிறானா என்று எழுந்து எழுந்து பார்த்தேன்.

தையல் ஆறும்வரை மாடியிலேயே வைத்திருந்தோம். பிறகு மறுபடி கேட்டின் தாழ்ப்பாள். வீட்டு வாசலில் இருபதடி போவது, வருவது. கஸ்தூரி அண்ணி வீட்டிலேயே தையல் தைப்பவர். ஜன்னலோரம் மெஷின். தெருவில் எது நடந்தாலும் அவர் கண்ணில் படாமல் போகாது. நான்காம் நாள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்:

“வசந்தி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. நாய் மொதல்ல சண்டைக்குப் போவல. அது பாட்டுக்கு நிக்குது. நீ குனியற. அப்புறந்தான் பாயுது.”

“நான் குனியறது அதுங்கள வெரட்டத்தான அண்ணி.”

“அதுங்களுக்குத் தெரியும். இதுக்கு எப்படித் தெரியும்? இது குட்டியா இருக்கசொல்ல அந்த மணல்மேட்டுல எவ்ளோ கல்லடி வாங்கிச்சின்னு நான் இதே ஜன்னல்ல பாத்துக்கினு இருந்தவ. நீ குனிஞ்சா அதுக்குக் கல்லு வருதுன்னுதான் அர்த்தம். பயம் ஜாஸ்தியாயி, எதிர்ல நிக்கறத போட்டுடுது. உன்ன கடிக்காம விடுதே, அதுவே பெரிசு.”

அழுதேன். நாலு வருடம்! வேளாவேளைக்குச் சோறு போட்ட அதே கையால், எதிரே நாய் வரும்போதெல்லாம் அவனுக்குக் கல் காட்டியிருக்கிறேன். சபீனே ஆயிரம் புத்தகம் படித்திருக்கலாம். குனிவதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவருடைய ஊரில் குனிந்தால் லேஸ்தான். தெரிந்தவள் நான், வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன். அன்று மாலை தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன்.

“யார்மேல் கல் எறிவாய்?” என்று கேட்டார் சபீனே.

“எறிய மாட்டேன். குனிவேன், அவ்வளவுதான்.”

“எறியாத கல்லை ஏன் எடுக்க வேண்டும்?”

“எடுக்கவும் மாட்டேன்.”

“எனக்குப் புரியவில்லை. ஆனால் நாய்க்குப் புரிந்திருக்கிறது. பயிற்சி இனி அவனுக்கு இல்லை, உன் கைக்கு” என்றார்.

இடுப்பில் ஒரு துணிப்பை தைத்துக் கட்டிவிட்டார் அண்ணி. அதில் வேகவைத்த கோழி ஈரல். நாயைக் கண்டால் கை தரைக்குப் போகாமல் பைக்குப் போக வேண்டும். சொல்வது சுலபம். முப்பது வருடமாகக் கீழே போய்ப் பழகிய கை. தூரத்தில் செவலை தெரிந்தாலே தோளிலிருந்து அது தானாக இறங்கும். ஜன்னலிலிருந்து “கை! கை!” என்று அண்ணி கத்துவார். பைக்குக் கொண்டுபோவேன். சோமு என் கையையே பார்ப்பான். ஈரல் வந்தால் தின்பான். எட்டாவது நாள், செவலை தெருவின் அந்த ஓரத்தில் வந்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டு அரைவட்டமாக விலகி நடந்தேன். சோமு ஒரு முறை உறுமினான். நான் அதட்டவில்லை. “சரிடா, கேட்டுச்சி” என்றேன். செவலை நின்று பார்த்தது, தரையை முகர்ந்தது, தன் வழியில் போய்விட்டது. சோமு ஈரல் தின்றான். வீட்டுக்கு வந்து நான் வாந்தி எடுத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு அவனை எங்கே விட்டுவிட்டுப் போவது? இந்தத் தெரு அவனை ஏற்கவில்லை. அந்த ஊர் ஏற்குமா என்பதற்குப் பரிசோதனை இருக்கிறது. அன்றைக்கு அறிமுகமில்லாத நாய்களை அவனுக்கு எதிரே நடக்கவிடுவார்கள். ஓர் அதிகாரி அட்டையில் குறித்துக்கொண்டு நிற்பார். அவன் தேறுவான் என்று நினைக்கிறேன். என் கையைப் பற்றித்தான் எனக்கு நிச்சயமில்லை. ஒரே ஒரு முறை அது தரைக்குப் போனால் போதும். என் கையால் அவனை நானே அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

புறப்படும் அன்று விடியலில், கயிற்றில் கட்ட எடுத்த நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எச்சரிக்க வேண்டியது நாயைப் பற்றியா? நாடாவை என் வலது மணிக்கட்டில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். கீழே கண் போகும்போதெல்லாம் அது தெரிய வேண்டும்.

அண்ணன் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்வி அக்கா பால் வண்டியோடு வந்தார். என் கையைப் பார்த்துவிட்டார்.

“அன்னிக்கி வேண்டுதல் இல்லன்னீங்க?”

“வேண்டுதல்தான்க்கா” என்றேன்.

“காப்பு கட்டிக்கினு ஊர் எல்லைய தாண்டக் கூடாது, தெரியுமில்ல? சாமி குத்தம்.”

தெரியும். எனக்குத் தெரியாதா? திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் யாரும் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். காரில் ஏறினேன். சோமு பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்தான்.

கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். சாலையோரம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அவளை நோக்கி ஒரு நாய் வந்தது. அவள் குனிந்தாள். நாய் ஓடியது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்த சோமுவின் முதுகு மயிர் எழுந்தது, என் மடியில் அவன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஓடிய நாயைப் பார்த்து எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதே நேரம், மஞ்சள் கட்டிய என் கை அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்படியே ஊர் எல்லையைத் தாண்டினோம்.