பூமுக்கும் க்காவுக்கும் நடுவில்

“பூம்” என்றால் பிரேக். “த்ஸ்” என்றால் கிளட்ச். “க்கா” என்றால் கியர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இந்த மூன்றையும் வாயாலேயே அடித்துக்கொண்டு வருகிறார் டப்பா. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ஆனாலும் கார் குலுங்காமல் போகிறது. “காதுல வாங்குங்க, கால் தானா போகும்” என்பது அவர் பாடம்.

இவரிடம் கற்றவர்களை லைசென்ஸ் அதிகாரிக்குப் பார்த்ததும் தெரியும். கியர் மாற்றும்போது உதடு அசையும். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பெற்றோர் வைத்த பெயரை டப்பா வங்கியில் மட்டும் பயன்படுத்துகிறார். இளவயதில் நண்பர்கள் கூட்டத்துக்கே ராப் பைத்தியம் பிடித்தபோது, தாளம் போடும் பெட்டி வாங்க யாரிடமும் வசதியில்லை. இவர் வாய்தான் பெட்டி. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கேசட்டோடு ராப்பும் போய்விட்டது என்பது அவருடைய உறுதியான கருத்து. “அப்புறம் வந்ததெல்லாம் ராப் இல்லீங்க, புலம்பல்.” யாராவது புதுப்பாட்டு ஒன்றைப் போட்டால் பொறுமையாக முழுவதும் கேட்பார். முடிந்ததும் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போல, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்.

தாள முறையில் அவரிடம் முதலில் ஓட்டக் கற்றவர் மனைவி. லைசென்ஸ் வாங்கிய கையோடு காரைத் தொடுவதை நிறுத்திவிட்டார். “உங்க சத்தம் காதை விட்டுப் போகவே ஒரு வருஷம் ஆச்சு” என்று இன்றும் சொல்லிக் காட்டுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வரும் தாளத்தை வைத்தே, கணவருக்குப் பசியா கோபமா என்று உள்ளே இருந்தபடி கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் வாயை மூடச் சொல்வார்.

டப்பாவின் வாய்க்கு வந்த ஆபத்து, ஓட்டக் கற்க வந்த பல் டாக்டர் ஒருவரால் வந்தது. ஒரு காலையில் அந்த அம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு பழைய கார் ஜன்னல்களைத் திறந்துபோட்டுக்கொண்டு வந்தது. உள்ளே ஒலித்த பாட்டு, டப்பாவின் டேப் ரெக்கார்டர் என்றோ மென்று தின்றுவிட்ட கேசட்டில் இருந்தது. அதற்குப் பின் அவர் அதைக் கேட்டதேயில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, போட்டது யார் என்று முன்னால் எட்டிப் பார்த்தார். பரவசத்தில் வாய் தன் பாட்டுக்குப் “பூம் பூம்” என்றது.

டாக்டர் நல்ல மாணவி. பிரேக்கை இரண்டு முறை மிதித்தார். கார் நின்றது, டப்பா நிற்கவில்லை.

“நீங்கதானே சார் பூம்னீங்க” என்றார் டாக்டர், அவருடைய தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே. மறுக்க வழியில்லை. முன்பற்களை உடைத்தவரே, கழற்றி மாட்டும்படி புதிதாகக் கட்டியும் கொடுத்தார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். டப்பாவுக்குச் சொல் போகவில்லை, “த்ஸ்” போய்விட்டது. புதுப்பல்லைப் போட்டுக்கொண்டு சொன்னால் விசில் வந்தது. தெருநாய் ஒன்று அதை நம்பி வீடுவரை வந்தது. கழற்றிவிட்டுச் சொன்னால் வெறும் காற்று. புதுப்பல்லில் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாக மனைவி மகிழ்ந்தார். டப்பா டாக்டரிடம் திரும்பிப் போனார்.

“சாப்பிட முடியுதா சார்?”

“முடியுது.”

“பேச?”

“பேசறேனே.”

“அப்புறம் என்ன குறை?”

“த்ஸ் வரலை டாக்டர்.”

டாக்டர் பல்லின் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் நாற்காலியில் சாய்ந்தபடியே டப்பா தாளம் போட்டுக் காட்டினார். வெளியே காத்திருந்த ஒருவர், வலி நின்றுவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பழைய கூட்டம் ஆண்டுக்கொருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சலவைக்கடை மாடியில் கூடும். அவர்களில் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவர் ராப் பாடுவார், டப்பா தாளம் போடுவார். இயந்திரத் தாளம் கூடாது என்பது அன்று முதல் இருக்கும் விதி. பல் கதையைக் கேள்விப்பட்ட மெக்கானிக், நல்ல மனதோடுதான் சொன்னார்: “இந்த ஒரு தடவை போன்ல பீட் போட்டுக்கலாம்டா.”

“அப்ப என்னை ஏன்டா கூப்பிடறே? போனையே கூப்பிடு” என்றார் டப்பா. தன் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் போன் எழுந்திருக்காது என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூடவே வந்தார். பாட்டுக் கேட்க அல்ல. “த்ஸ்” வரவில்லையென்றால் பல்லை ஜன்னல் வழியாக வீசிவிடுவேன் என்று டப்பா சொல்லியிருந்தார், அதற்குக் காவல். ஜிப் ஏறாத பழைய டிராக் சூட்டுகளில் வந்திருந்த நண்பர்களுக்கு நடுவே, கதவோரம் ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டப்பா ஆரம்பித்தார். “பூம்” அருமையாக விழுந்தது. அடுத்து விசில். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மெக்கானிக்கின் கட்டைவிரல் போன் திரையை நோக்கி இறங்கியது.

டப்பா பல்லைக் கழற்றிக் கதவுப் பக்கம் நீட்டினார். மனைவி அதை வாங்கித் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

“பூம்.” ஒன்றுமில்லை. “க்கா.” ஒன்றுமில்லை. “பூம்.” ஒன்றுமில்லை. எங்கே நுழைவது என்று தெரியாமல் மெக்கானிக் வாயைத் திறந்து திறந்து மூடினார். டப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, நிறுத்தாமல், “த்ஸ்”ஸுக்கு இடம் விட்டு இடம் விட்டு அடித்துக்கொண்டே போனார்.

“த்ஸ்.”

கதவோரத்திலிருந்து வந்தது. மறுபடியும், சரியான இடத்தில், “த்ஸ்.” மனைவி யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரை, சிக்னலில் நிற்கும் லாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார். ஒவ்வொரு “த்ஸ்”ஸுக்கும் மனைவியின் இடது கால், கிளட்ச்சை மிதிப்பதுபோல, தரையை ஒருமுறை அழுத்தி, விட்டது.