பாலில் கலக்கும் பொடி

"பாலை ஃபார்ட்டிஃபை பண்ணணும்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பள்ளி வரலாற்றுப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. அதில் அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் அரசர்கள் நகரங்களைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், அகழி வெட்டினார்கள். இங்கே என் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டவள். எடை ஏறவில்லை. தாய்ப்பாலில் ஒரு பொடியைக் கலந்து கொடுக்க வேண்டும், அப்படியும் ஏறாவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன்.

டாக்டர் போனதும் வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். "என் பால்ல சத்து இல்லையா, சிஸ்டர்?"

அவர் கேரளத்துக்காரர். "அய்யோ, யாரு சொன்னது? உங்க பால் நல்ல பால்தான். இது இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டிய குழந்தையல்லே? அதுக்குக் கொஞ்சம் கூடுதல் வேணும். அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரிதானா என்று போனில் அகராதியைப் பார்த்தேன். கோட்டைக்கும் அந்தச் சொல், உணவுக்கும் அந்தச் சொல். கஷ்டமான வேலைக்கு முன் ஒருவர் எதையாவது சாப்பிட்டுத் தெம்பேற்றிக்கொள்வதற்கும் அதுவே. இதே ஊரில், டாலிகஞ்சில் உள்ள எங்கள் வீட்டு ரேஷன் அரிசிப் பையிலும் அது அச்சிட்டிருந்தது ஞாபகம் வந்தது. எத்தனையோ நாள் அந்த அரிசியைச் சமைத்திருக்கிறேன், யோசித்ததில்லை. எல்லா உதாரணங்களிலும் முதலில் ஒன்று இருக்கிறது, அதன் பிறகுதான் அதை வலுப்படுத்துகிறார்கள். ஒன்றுமில்லாததை யாரும் வலுப்படுத்துவதில்லை. அப்படியென்றால் என் பாலில் ஏதோ இருக்கிறது. பரீட்சைக்கு விடை படிப்பதுபோல அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

அந்தச் சமயம் எங்கள் தீவில் எந்தக் கடையிலும் பொடி கிடைக்கவில்லை. இன்னொரு தீவான கார் நிக்கோபாரில் வேலையிலிருந்த என் கணவர், கடல் மோசமானதால் கப்பல் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். லீவு முடிந்து சென்னையிலிருந்து திரும்பும் ஒரு நண்பரிடம் பொடி வாங்கிவரச் சொல்லியிருந்தார். நண்பர் வரும் நாளில் மழை விடவே இல்லை. மேகத்துக்குள் விமானச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

கணவர் போன் செய்தார். "மேல வந்து சுத்திட்டுத் திரும்பிடுச்சாம். இறங்க முடியலையாம். நாளைக்கு வரும்."

"சரி."

"எதுக்கெடுத்தாலும் சரிங்கிறியே. திட்டவாவது செய்யேன்."

"யாரைத் திட்டுறது?"

"மழையைத் திட்டு" என்றார்.

அதற்கும் சரி என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளிப் பெண். அவள் மகனும் உள்ளே பெட்டியில்தான் இருந்தான். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி என் முன் நீட்டினாள். "தீதி, சாய் பியோ. நஹி பியோகி தோ தூத் கஹாங் சே ஆயேகா? ஜஹாஜ் சே?" அக்கா, டீ குடி, குடிக்காவிட்டால் பால் எங்கிருந்து வரும், கப்பலிலா வரும் என்கிறாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் குடித்தேன். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

மறுநாள் விமானம் இறங்கியது. சிஸ்டர் என் பாலில் பொடியைக் கலந்து, பாலாடைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். சில நாள் எடை அசையவே இல்லை. பால் எடுக்கும் கிண்ணத்தைச் சரியாகக் கழுவினேனா, பொடி நன்றாகக் கரைந்ததா, வயிற்றில் இருந்தபோது நான் அத்தனை மாடிப்படி ஏறியிருக்கக் கூடாதோ என்று வரிசையாக யோசித்தேன். அழுகை வரவில்லை.

ஒரு காலையில் சிஸ்டர் எடை மெஷின் அருகிலிருந்து கூப்பிட்டார். "ஏறியாச்சு! வந்து பாருங்க."

டாக்டரும் பார்த்தார். "இனி சென்னை வேண்டாம். இங்கேயே பார்த்துக்கலாம்" என்றார்.

வங்காளிப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "குஷ் நஹி ஹோ?" சந்தோஷமாக இருக்கிறேனா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

"சிஸ்டர், மெஷின் சரியாத்தானே இருக்கு?"

"இன்னொரு தடவை வைக்கட்டா?"

"வைங்க."

அவர் சலிக்காமல் மகளைத் தூக்கி மறுபடி வைத்தார். அதே எண். அவள் காலை உதைத்தாள், எண் ஆடியது, திரும்ப அதிலேயே வந்து நின்றது. அடுத்த வேளைக்குப் பால் எடுக்க வேண்டும். நான் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.