காய்ச்சல் விட்ட காலை

என் கணவருக்கு டெங்கு என்று முதலில் சொன்னதே நான்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன லேபில் இரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் என் வேலை. அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வாசலில் காய்ச்சல்காரர்களின் வரிசை. அவருடைய இரத்தத்தையும் நானே எடுத்து, டெங்கு அட்டையில் துளி விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோடு விழுந்தது. வைரஸின் ஒரு புரதம் இரத்தத்தில் மிதந்தால் அந்தக் கோடு விழும். அதற்குமேல் அந்தப் புரதத்தைப் பற்றி நான் யோசித்ததில்லை.

மனிதர் அசரவில்லை. துறைமுகத்தில் கிளார்க், தினமும் விடிய எழும்பி நடக்கிறவர், நல்ல கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறவர்.

"என்ர இரத்தம் நல்ல இரத்தமப்பா. இது என்னை ஒண்டும் செய்யாது."

"கொலஸ்ட்ரோலுக்கும் நுளம்புக் கடிக்கும் என்ன சம்பந்தம்? பேசாமல் படுங்கோ," என்றேன்.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் தினமும் இரத்தம் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் லீவு போட்டேன். நாலு நாள்! கஞ்சியில் உப்புக் கூடிப்போச்சு, இளநீர் புளிக்குது, ஃபேன் சத்தம் தலைக்குள்ள இடிக்குது என்று ஓயாத முறைப்பாடு. பக்கத்து வீட்டில் அரைத்துத் தந்த பப்பாசி இலைச் சாற்றைப் புதுப் படுக்கை விரிப்பில் துப்பினார். துவைத்துக் காயப்போட்டால் மழை. ஒவ்வொரு நாளும் அவர் கையைப் பிடித்து ஊசி குத்தி, குழாயை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடி, திரும்பி வந்து அவருடைய முனகலைக் கேட்டேன். எனக்குப் பொறுமை பிறவியிலேயே குறைவு.

ஐந்தாம் நாள் காலை நெற்றி குளிர்ந்திருந்தது. தேர்மோமீற்றரில் காய்ச்சல் இல்லை.

"விட்டிட்டுது, பாத்தீரா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "குளிக்கப்போறன். இண்டைக்கு இரத்தம் எடுக்கேல்லையே?"

"பிறகு பாப்பம். நீங்கள் குளியுங்கோ," என்றேன்.

லேபில் எல்லாரிடமும் நான் கண்டிப்பாகச் சொல்கிற ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டது என்று சந்தோசப்படாதேங்கோ, இனித்தான் கவனம். அதை அன்று என் வீட்டில் நான் சொல்லவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அவர் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து இருந்தார். வாந்தி எடுத்திருந்தார். வயிற்றைப் பொத்திக்கொண்டு, "ஒண்டுமில்லையப்பா, களைப்பு," என்றார். கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி சில்லிட்டிருந்தது. ஐயோ, என்ன செய்துவிட்டேன்! தெருவுக்கு ஓடி, போன முச்சக்கர வண்டியை மறித்து, "மல்லி, இக்மன் கரன்ன!" தம்பி, சீக்கிரம் என்று சிங்களத்தில் கத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முனகினால் போதும் என்று மாதாவைக் கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தம் தடித்துப்போயிருந்தது. அதிலிருந்த நீர் இரத்தக் குழாய்களைவிட்டு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கசிந்துகொண்டிருந்தது. வார்டில் இருந்த இளம் பெண் டொக்டர் சேலைன் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க லேப் ஆள்தானே, சொன்னா விளங்கும். உங்கட அட்டையில கோடு போடுதே ஒரு புரதம், அது சும்மா அடையாளம் மட்டும் இல்ல."

தொற்றிய செல்கள் கொட்டும் அந்தப் புரதம், இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் துகள்களில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். குறிப்பாக, நல்ல கொலஸ்ட்ரோல் என்று நாங்கள் சொல்கிறவற்றில். வழமையாக அழற்சியைத் தணிக்கிற துகள்கள் அவை. புரதம் ஏறியதும் அவையே உடம்பின் காவல் செல்களை உசுப்பிவிடுமாம். அந்தச் செல்கள் கக்குகிற இரசாயனங்களால் அழற்சி மூண்டு குழாய்ச் சுவர் தளரும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கசிவு கூடும்.

"இன்னும் முழுக்கக் கண்டுபிடிக்கேல்ல, ஆராய்ச்சி நடக்குது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கு ஏன் காலமையே கொண்டுவரேல்ல?" என்று கேட்டாள். நான் சேலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாளாக, பிழைப்பாரா என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. பிழைத்தார். மூன்றாம் நாள் கண் தெளிந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் விட்டாப் பிறகுதான் கவனம் எண்டு நீர் எல்லாருக்கும் சொல்லுறனீர்தானே?"

"ஓம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். நான் மறக்கவில்லை. அன்று காலை வாய்வரை வந்ததை விழுங்கினேன். சொன்னால் இன்னும் இரண்டு நாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

"எனக்கு அலுத்துப்போச்சு," என்றேன். "உங்களைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. வேலைக்கு ஓடினாப் போதும் போல இருந்தது."

அந்த நேரம் நேர்ஸ் இரத்தம் எடுக்க வந்தாள். ஊசிக்கு வசதியாக அவருடைய கையைப் பிடிக்கப்போனேன். அவர் கையை இழுத்து, தானே அவளிடம் நீட்டினார்.