என் கல்யாண லோரியில் வந்த டிரம்பெட்காரர்

மலாயாவின் அவசரகாலத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஜெராமில் இருந்த தேவாலயத்துக்கு எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து லோரியில் கிளம்பினோம். பேண்டு குழுவும் பின்னால் ஏறிக்கொண்டது. அதில் டிரம்பெட் வாசிப்பவருக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எல்லாம் அப்படியொரு பெயர். அவர் வர ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்பா கல்யாணத் தேதியையே குறித்தார்.

வழியில் போலீஸ் லோரியை நிறுத்தியது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று வண்டிகளைச் சோதித்த காலம் அது. ஒரு மலாய்க் காவலர் டிரம்பெட்டின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள அரிசி இருக்குன்னு நெனைக்கிறாரு," என்றார் டிரைவர்.

"அரிசி இருந்தா பாட்டு வருமா? கேக்கச் சொல்லுங்க," என்று டிரம்பெட்காரர் லோரியிலேயே எழுந்து நின்று ஊதினார்.

வரிசையில் நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். காவலர் இன்னொரு பாட்டு கேட்டார். பிறகு இன்னொன்று.

"நேரமாச்சிலா, பாதிரியார் திட்டுவாரு!" என்று அப்பா பதறினார். மணப்பெண்ணான நானோ தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாதிரியார் திட்டத்தான் செய்தார். அந்த மெட்டுகளை முனகித்தான் பிறகு என் நான்கு பிள்ளைகளையும் தூங்க வைத்தேன். மூத்தவள் பள்ளி பேண்டில் சேர்ந்தபோது, டிரம்பெட்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.