உட்காராத அருணாசலவடிவு

என் மனைவி அருணாசலவடிவு சாயங்காலம் ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். காலுக்குள் ஏதோ ஊர்கிறது என்பாள். எழுந்து நாலு எட்டு நடந்தால்தான் அடங்கும். இருபத்தாறு வருஷமாக அதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன். தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பருப்பில் கிடக்கும் கல் என் கண்ணுக்குத் தப்பாது. பெண்டாட்டி படும் பாடு மட்டும் தெரியவில்லை.

மகள் சண்முகப்ரியாவுக்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று மாலை, தாம்பூலத் தட்டு மாற்றப் போகும் நேரம் பார்த்து, ஜமுக்காளத்திலிருந்து இவள் மூன்றாவது தடவையாக எழுந்தாள். மாப்பிள்ளையின் அப்பா மந்திரமூர்த்தி அண்ணாச்சி முகம் சுளித்தார்.

"ஏளா, செத்த நேரம் இருக்க மாட்டியா?" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினேன். கால் வெட்டி வெட்டி இழுத்தது. பயந்துபோய், இடுப்பிலிருந்த கடைச் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்து அமுக்கினேன். வலிப்புக்கு இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவளோ முழு நினைவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபையே பார்த்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்று மந்திரமூர்த்தி அண்ணாச்சி தட்டோடு எழுந்துவிட்டார். சம்பந்தம் அதோடு முறிந்தது. என் அவசரப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தூத்துக்குடியில் டாக்டர் ரேச்சலிடம் காட்டினோம். சோதனைகள் எல்லாம் முடிந்தபின் கூப்பிட்டார்.

"வலிப்பே இல்ல அண்ணாச்சி. மூளையில இரும்புச்சத்து குறைஞ்சா இப்படிக் கால் ஓயாது."

"ரத்தம் நல்லாத்தான இருக்குன்னாவ?"

"ரத்தத்துல ஓடுறதெல்லாம் மூளைக்குப் போயிராது. நடுவுல காவலுக்கு ஒரு சுவர் உண்டு. அது விடுற அளவுதான் உள்ள போகும். போனது செல்லுக்குள்ள ஒரு புரதத்துல சேமிப்பா இருக்கும். அம்மாவுக்கு அந்தச் சேமிப்புதான் கம்மி. இத்தன வருஷமா யாரும் என்னன்னு கேக்கலையா?"

அன்றே இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "நாளைக்கே மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுக்குப் போயி, உனக்கு வலிப்பு இல்லன்னு சொல்லுதேன். கல்யாணம் நடந்துரும்," என்றேன்.

"போவாதீய. வலிப்புக்காரி மவ வேண்டாம்னவுகளுக்கு எம்மவளும் வேண்டாம்," என்றாள். பிறகு கேட்டாள்: "எனக்கு மெய்யாவே வலிப்பு இருந்திருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பீய?"

அவளைச் சபைக்கே வரவிடாமல் உள்ளறையில் பூட்டி வைத்திருப்பேன். அதை நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.