சருகின் மேல் பட்டாம்பூச்சி

மட்டாஞ்சேரி ஸ்டுடியோ ஒன்றின் இருட்டறையில் நிற்கிறேன். நேற்று காட்டில் என் மகள் எடுத்த படத்தை ஸ்டுடியோக்காரர் மருந்துத் தட்டில் அலசுகிறார். சிவப்பு விளக்கில் முதலில் பட்டாம்பூச்சி தெரிகிறது, பிறகு அதன் கீழே சருகுகள்.

அவர் கை நிற்கிறது. "சேச்சி, இது சருகில்ல. அணலியாக்கும்."

சருகோடு சருகாக விரியன் சுருண்டு கிடக்கிறது. வெயிலுக்கு நான் குடை பிடிக்க, மகள் குப்புறப் படுத்து ஒரு சாண் தூரத்தில் எடுத்த படம்.

அடுத்த படமும் தெளிகிறது. அதே சருகுகள், பாம்பைக் காணவில்லை. அதன்பிறகும் அவள் வெகுநேரம் அங்கேதான் படுத்திருந்தாள்.

வெளியே சாயா குடித்துவிட்டு வந்தவள் கதவைத் தட்டுகிறாள்.

"அம்மா, நல்லா விழுந்திருக்கா? நாளைக்கும் அங்கயே போலாம்."

நான் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.